பின்னால் வருகிறவள்

ஊஞ்சக்காட்டுக்காரர்களுக்குப் பாம்பென்றால் பயமில்லை, பஞ்சமென்றால் பயமில்லை. வெள்ளைக்காரக் கலெக்டரே வந்து நின்றாலும் மண்வெட்டியைக் கீழே வைக்க மாட்டார்கள். கழிப்பு என்றால் மட்டும் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். சீக்காளிக்குச் சுற்றிப்போட்ட சோற்று உருண்டையைத் தெரியாத்தனமாகத் தாண்டிவிட்டால் அந்தச் சீக்கு தாண்டினவனைப் பிடித்துக்கொள்ளும் என்பது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அப்படிப்பட்ட ஊரில், பர்மாவில் குண்டு விழுந்த வருசத்து ஐப்பசியில், நாமகிரிப்பேட்டை ரோட்டிலிருந்து ஊருக்குள் வரும் இட்டேரித் தடத்தின் கிளுவை வேலியெங்கும் எருக்கிலையில் வைத்த கம்மஞ்சோற்று உருண்டைகள் தென்பட்டால் சனம் சும்மா இருக்குமா? ஆடு ஓட்டப் போனவர்கள் காட்டுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பாவாயியும் பயந்தாள். ஆனால் அவள் பயந்தாலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பயப்படுகிறவள். கழிப்பைத் தரையில்தான் வைப்பார்கள், அதுவும் முச்சந்தியில். இதுவோ வேலிக் கவட்டையில், ஒவ்வொன்றும் அவள் இடுப்பு உயரத்தில், காக்காய்க்குத் தெரியாதபடி மேலே இன்னொரு இலை மூடி, பதனமாக வைக்கப்பட்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். உருண்டையில் தட்டைப்பயிறு ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் பொழுதோடு தன் கையால் கடைந்த தட்டைப்பயிறு. தன் வீட்டில் சோற்றை நின்றுகொண்டே வாங்கி நின்றுகொண்டே தின்கிறவள் ஒருத்திதானே இருக்கிறாள்.

ஆராயி, பாவாயிக்குக் கொழுந்தன் பெண்டாட்டி. பாவாயியின் புருசன் சின்னண்ணனுக்கும் தம்பி மணியனுக்கும் கிணற்றுப் பங்கில் வாய்த்தகராறு வந்து, "இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று தம்பி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ரங்கூன் அரிசி மில்லுக்குக் கப்பலேறினான். போனவன் போனவன்தான். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று திரும்பி வந்த ஆள் ஒருவன் சொன்னான், அதோடு சரி. பிறகு சண்டை மூண்டது. மில்லில் விழுந்த குண்டில் மணியன் போய்ச் சேர்ந்தான். கப்பலில் இடமில்லாத ஏழை பாழைகள் எல்லாம் அரக்கான் மலையைத் தாண்டி நடந்தே வந்தார்கள். ஆராயியும் அப்படி நடந்தாள். சிட்டகாங்கில் ரயிலேற்றி விட்டவர்கள் புண்ணியத்தில், ஆடி மாசத்து ஒரு வெயிலில், யாரோ கொடுத்த முரட்டுச் சேலையோடு வாசலில் வந்து ஒண்டியாக நின்றாள். இந்த மனுசி நடந்து வந்த தூரத்தை ஊஞ்சக்காட்டுச் சனத்தால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சேலத்துக்கு நடந்துவிட்டு வந்தாலே ஒரு வாரம் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற சனம் அது.

பாவாயி ஆலம் சுற்றி, வெல்லத்தண்ணி கொடுத்து உள்ளே கூட்டிக்கொண்டாள். அன்றைக்கே கிணற்றடியில் பெண்டுகளைக் கூட்டி வைத்துச் சட்டம் போட்டாள்.

"இங்க பாருங்க, ஒருத்தியும் எழவு கேக்கறேன்னு எங்க ஊட்டுப் படியேறப்படாது. கட்டிப்புடிச்சு அழுவறது, ஒப்பாரி வெக்கறது ஒண்ணும் வேணாம். அவ கழுத்தப் பாத்தாத் தெரியுது, இடுப்பப் பாத்தாத் தெரியுது. கேட்டு என்னாகப் போவுது? ஆறுற புண்ணக் கீறி வுடாதீங்க."

பாவாயி நல்ல மனசோடுதான் சொன்னாள். ஊரும் நல்ல மனசோடுதான் கேட்டுக்கொண்டது. ஒரு சாவுக்கு ஊர் கூடி அழாமல் விட்டது ஊஞ்சக்காட்டில் அதுதான் முதல் தடவை.

ஆனால் புண் ஆறுவதாகக் காணோம். ஆராயி வேலைக்குச் சளைக்கவில்லை. கம்பு அறுத்தாள், களை வெட்டினாள், தாழி தாழியாகத் தண்ணி சேந்தினாள். உட்காரத்தான் மாட்டாள். தூங்குகிறபோதும் வாசல் தூணில் சாய்ந்து, இட்டேரிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, நின்றவாக்கில் கண்ணை மூடுவாள். கால் சோர்ந்தால் குந்துவாள். உடனே திடுக்கிட்டு எழுந்துகொள்வாள். வாங்குகிற சோற்றில் ரெண்டு வாய்தான் உள்ளே போகும். மிச்சம் எங்கே போனது என்று பாவாயிக்கு இப்போதுதான் விளங்கியது. கன்னத்து எலும்பு ஏன் அப்படித் தூக்கிக்கொண்டு வந்தது என்றும் விளங்கியது.

ஊருக்குத் தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை. பக்கத்துக் காட்டுப் பச்சமுத்துவின் எருமை, சினையாக இருந்தது, குறையில் கன்று போட்டுவிட்டது. அவன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சின்னண்ணனிடம் வந்தான்.

"மாப்ள, உங்கூட்டுப் பொம்பளயச் சொல்றேன்னு வருத்தப்படாத. எங்கூட்டுக்காரி கண்ணால பாத்திருக்கறா. வெடியால நேரத்துல வேலிக்கு வேலி போயி சோறு வெக்கறாளாம். வெச்சுப்போட்டு அதுங்கூடப் பேசறாளாம். அந்தத் தடத்துலதான் எங்க எருமை போயிட்டு வருது."

"அவளுக்குப் புத்தி சரியில்லீங்க மாமா," என்றான் சின்னண்ணன் தலையைக் குனிந்துகொண்டு.

"புத்தி சரியில்லீன்னா அதுக்கொரு வழி பண்ணோணும். அந்த மலையில எத்தன பொணத்தத் தாண்டி வந்தாளோ, எது கூட வந்துச்சோ, ஆரு கண்டா."

தெற்கே ஆற்றங்கரையில் பேய் பிடித்தவர்களைச் சங்கிலியில் கட்டிப்போட்டு வைக்கிற கோயில் ஒன்று இருந்தது. பௌர்ணமிக்குக் கூட்டிப்போய் விட்டுவிடுவது என்று சின்னண்ணன் முடிவு செய்தான். பாவாயி அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

"ஏனுங்க, சங்கிலி போட்டா தெளிஞ்சுருமா?"

"தெளிஞ்சவங்க இருக்கறாங்களாமா."

"தெளியாதவங்க?"

சின்னண்ணன் வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தான்.

"அவ சாப்பாட்டச் சாப்புடாம வேலிக்கு வெக்கறா. அங்க கொண்டுபோயி வுட்டா ரெண்டு மாசம் தாங்க மாட்டா. செத்துப்போயிருவா. எங்கண்ணு முன்னாலயே எலும்பாப் போயிட்டிருக்கறா, உங்களுக்குத் தெரியலியா?"

"எனக்கு மட்டும் ஆசையா புள்ள? எந்தம்பி பொண்டாட்டி. அவன் உசுரோட இருக்கறப்ப ஒரு வார்த்த பேசாம வுட்டுட்டேன். இப்ப என்ன பண்றதுன்னே தெரியல. தெரிஞ்சா நீ சொல்லு."

பாவாயிக்கும் தெரியவில்லை. ஊர் வாயை அடைக்கத் தெரிந்தவளுக்கு இந்த ஒருத்தி வாயைத் திறக்க வைக்கத் தெரியவில்லை.

பௌர்ணமிக்கு முதல் நாள். கடலைக்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ராத்திரி பெய்த மழையில் செம்மண் இளகி, கொடியைப் பிடித்து இழுத்தால் கொத்தோடு கையில் வந்தது. பெண்டுகள் ஊஞ்ச மரத்து நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து கொடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஆராயி மட்டும் நின்றுகொண்டே ஆய்ந்தாள். ஈர மண் வாசமும் பச்சைக் கடலையின் பால் வாசமுமாக இருந்தது. கொல்லிமலை உச்சியில் மேகம் குந்தியிருந்தது.

இட்டேரியில் ஒரு பெண் வந்தாள். கறுத்த, ஒல்லியான உடம்பு, கையில் துணிப்பை, கழுத்தில் செபமாலை. வேலியோரம் நின்று, "ஆராயி வீடு எதுங்க?" என்று கேட்டு வாய் மூடவில்லை, ஆராயி கொடியைப் போட்டுவிட்டு ஓடினாள். வந்தவளைக் கட்டிக்கொள்ளவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், காலியாகக் கிடந்த தடத்தை எட்டி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாசி, அம்மிணி எங்க? கூடத்தான வந்தா?"

வந்தவள் முகம் செத்துப்போனது. "மொதல்ல தண்ணி குடு ஆராயி," என்றாள். ஆராயி சொம்பை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனதும் பாவாயி அவள் கையைப் பிடித்து வேலி மறைவுக்கு இழுத்துப் போனாள்.

"நீ ஆரு சாமி?"

"எம் பேரு இன்னாசிமேரிங்க அக்கா. சேலத்துல ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பங்களாவுல சமைக்கிறேன். ரங்கூன்ல இருந்து இவளும் நானும் ஒரே கூட்டமா நடந்து வந்தோம். வழியெல்லாம் இந்த ஊர்ப் பேரத்தான் சொல்லிக்கிட்டே வந்தா."

"கொழந்த எங்க? அவ கேக்கறாளே."

இன்னாசிமேரி செபமாலையைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"நாங்க கேக்கல," என்றாள் பாவாயி. அதைச் சொல்கிறபோதுதான் அந்த வார்த்தை எவ்வளவு கேவலமானது என்று அவளுக்கே உறைத்தது.

இன்னாசிமேரி சொன்னாள். மெதுவாக, வழி கேட்டவர்களுக்கு வழி சொல்வது போலச் சொன்னாள்.

"புள்ளைக்கு ஏழு வயசு. கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. நடக்க முடியல. இவ இடுப்புல தூக்கிக்கிட்டே மலையேறுனா. இவளுக்கும் காச்ச. கைய வுட்டு ரெண்டு தடவ புள்ள கீழ விழுந்துச்சு. அப்புறம் ஒரு மரத்தடியில உக்கார வெச்சு, கையில இருந்த சோறெல்லாம் புள்ள மடியில போட்டுட்டு, ‘ஆத்தா முன்னால போயி தண்ணி பாக்கறேன், நீ மெதுவாப் பின்னாலயே வா'ன்னு சொல்லிட்டு நடந்துட்டா. திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா போயிருக்க மாட்டா."

"நீ?"

"நான் கூட்டத்துக்குக் கடைசில வந்தேன். புள்ளையப் பாத்தேன். அதுக்கு அந்நேரமே மூச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. மடியில போட்டுக்கிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள போயிருச்சுங்க அக்கா. என் முந்தானியக் கிழிச்சு மூடிட்டு வந்தேன். மறுநா இவளைப் புடிச்சேன். ‘வர்ற வழியில எம்புள்ளையப் பாத்தியா'ன்னு கேட்டா. ‘பாத்தேன், மெதுவா வருது'ன்னு சொன்னேன். செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா இவளும் அங்கயே உக்காந்திருப்பா. உக்காந்தவங்க ஒருத்தரும் எந்திரிக்கலைங்க. தெனமும் கேப்பா. தெனமும் ‘வருது'ன்னு சொல்லுவேன். அந்தப் பொய்யிலதான் இவ மலையத் தாண்டுனா. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். இவகிட்டத்தான் இன்னும் சொல்லல. அதான் வந்தேன்."

பாவாயி வேலியைப் பார்த்தாள். தன் இடுப்பு உயரத்தில், ஏழு வயதுப் பிள்ளைக்குக் கை எட்டுகிற உயரத்தில், இலை மூடிய உருண்டை ஒன்று இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோயில் நடை திறக்கிறபோது உடம்பு ஒரு தினுசாக ஒடுங்குமே, அப்படி ஒடுங்கி நின்றாள்.

"அம்மிணி பேரென்ன?"

"செல்லாயி."

பாவாயி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவள் மாமியார் பேர். மகாராசி போய் எத்தனையோ வருசமாகியும் அந்த வீட்டு மருமகள்கள் நாக்கு அந்தப் பேரைத் தொட்டதில்லை. ஊரில் அந்தப் பேருடைய வேறொருத்தியைக் கூட "அந்தப் பேர்க்காரி" என்றுதான் பாவாயி சொல்வாள். அண்ணனோடு கோபித்துக்கொண்டு கடல் தாண்டிப் போன மணியன், ஆத்தா பேரைத் தன் மகளுக்கு வைத்திருக்கிறான். அந்நிய சீமையில் ஆராயி அதை வாய் நிறையக் கூப்பிட்டிருப்பாள். மாமியார் வாழ்ந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு எப்படிக் கூப்பிடுவாள்? நாங்களும் கேட்கவில்லை, அவளாலும் சொல்ல முடியவில்லை.

ஆராயி தண்ணியோடு வந்தாள். இன்னாசிமேரி குடித்தாள். பிறகு ஆராயியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பெண்டுகளும் கேட்க, "ஆராயி, நான் பொய் சொன்னேன். புள்ள வரல. அந்த மரத்தடியிலயே போயிருச்சு. என் மடியிலதான் போச்சு," என்றாள்.

காய் ஆய்கிற சத்தம் நின்றது. ஆராயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு உண்டாளா?"

"உண்டா. ரெண்டு வாய் உண்டா. ஊட்டிவிட்டேன்."

"என்னையக் கேட்டாளா?"

"‘ஆத்தா முன்னால போயிருக்குது, நான் பின்னால போவோணும்'னு சொன்னா. கோவமாச் சொல்லல ஆராயி. பெருமையாத்தான் சொன்னா."

ஆராயி உட்கார்ந்தாள். மூன்று மாசமாக உட்காராதவள், பிடுங்கிப் போட்ட கடலைக்கொடி மேலே பொத்தென்று உட்கார்ந்தாள். ஒருத்தி எழுந்து வந்து அவள் தோளில் கையைப் போட்டாள். அடுத்தவள் வந்தாள். சட்டம் போட்ட பாவாயியிடம் ஒருத்தியும் அனுமதி கேட்கவில்லை. வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் பிடித்து, தலையோடு தலை முட்டி, ஆடியில் அழ வேண்டிய அழுகையை ஐப்பசியில் அழுதார்கள்.

பாவாயி நேரே வீட்டுக்குப் போனாள். வண்டிக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த புருசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பேரை மட்டும் சொல்ல நாக்கு வரவில்லை.

"உங்க ஆத்தா பேருங்க. உங்க தம்பி அந்தப் பேரத்தான் வெச்சிருக்கறாரு."

சின்னண்ணன் வைக்கோலைக் கையில் பிடித்தபடியே நின்றான். பிறகு முளைக்குச்சியில் கட்டியிருந்த மாடுகளிடம் போய், அதுகள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "அடேய் மணியா" என்று அழுதான். பாவாயி அவன் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

"அம்மிணியக் கூப்புட்டாரோணும்," என்றாள். "இன்னிக்கே, பொழுது உழுவறதுக்குள்ள."

அசலூர் மண்ணில் செத்த கன்னிப்பெண்ணை அங்கேயே விட்டுவிடக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஊர் எல்லையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, பெற்றவள் முன்னால் நடக்க, வீட்டுக்கு அழைத்து வந்து விளக்கு வைக்க வேண்டும். அழைத்து வருகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வருகிறது நின்ற இடத்திலேயே நின்றுபோகும்.

வெயில் மஞ்சளித்த நேரத்தில் இட்டேரி ரோட்டைத் தொடுகிற இடத்துக்கு எல்லோரும் போனார்கள். ஆண்கள் எட்டத்தில் நின்றார்கள். ஆராயி கிழக்கே பார்த்து நின்றாள். கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மாமியார் பேர் தொண்டையில் குறுக்கே நின்றது. பாவாயி பார்த்தாள், பார்த்தாள், அப்புறம் மானம் மரியாதை எல்லாவற்றையும் தூக்கி வேலிக்கு அந்தப்புறம் போட்டாள்.

"செல்லாயீ... ஊட்டுக்கு வா சாமீ..."

ஊஞ்சக்காட்டில் ஒரு மருமகள் மாமியார் பேரை ஊரறியக் கூவினது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. ஆராயிக்குத் தொண்டை திறந்துகொண்டது. "செல்லாயீ" என்று அவள் கூப்பிட்ட சத்தத்தில் வேலியிலிருந்த கௌதாரிகள் கலைந்து பறந்தன. பிறகு எல்லாப் பெண்டுகளும் கூப்பிட்டார்கள். முகம் பார்த்தறியாத ஒரு பிள்ளையை, கடலுக்கு அக்கரையில், மலைக்கு அக்கரையில் கிடக்கிற பிள்ளையை, பக்கத்துக் காட்டில் விளையாடுகிறவளைச் சோற்றுக்குக் கூப்பிடுவது போல ஊரே கூப்பிட்டது.

"போலாம் ஆராயி. நீ முன்னால நட. திரும்பிப் பாக்காத," என்றாள் பாவாயி.

ஆராயி நடந்தாள். ரெண்டு வேலிக்கும் நடுவில் ஈர மண்ணில் பெண்டுகள் பின்னால் வந்தார்கள். கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். ஆராயியின் கால் தயங்கியது, நின்றது.

"அக்கா, என்னால முடியாது. ஒருக்கா பாக்காம வந்தேன். இன்னொருக்கா என்னால முடியாதுக்கா."

பெண்டுகள் பாவாயியைப் பார்த்தார்கள். வழக்கத்தைக் கரைத்துக் குடித்தவள் அவள். பாவாயி ஒரு கணம்தான் யோசித்தாள்.

"பாரு சாமி," என்றாள். "நல்லாத் திரும்பிப் பாரு. நின்னுபோனா நாம தூக்கிக்கலாம்."

ஆராயி திரும்பினாள். தடத்தைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். பிறகு நாலெட்டுப் பின்னால் வந்து, குனிந்து, ரெண்டு கையாலும் அள்ளித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கையில் ஒன்றுமில்லை. ஆனால் அவள் இடுப்பு ஒரு பக்கம் தள்ளியது, தோள் மறுபக்கம் சாய்ந்தது, ஏழு வயதுப் பிள்ளையைச் சுமக்கிறவள் எப்படி நடப்பாளோ அப்படிக் கோணி நடந்தாள். பச்சமுத்து தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

சேறு வழுக்கியது. நோஞ்சான் உடம்பு; ஆராயிக்கு மேல்மூச்சு வாங்கியது. பாவாயி பக்கத்தில் போனாள்.

"குடு. சித்த தூரம் நான் தூக்கிட்டு வாரேன்."

ஆராயி அவள் முகத்தைப் பார்த்தாள். மலையில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. இடுப்பிலிருந்து இறக்கி, தலையைத் தாங்கலாகப் பிடித்துக் கொடுத்தாள். பாவாயி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரத்தில், "அக்கா, எங்கிட்டக் குடுங்க" என்று பச்சமுத்து பெண்டாட்டி கையை நீட்டினாள். அவளிடமிருந்து இன்னொருத்தி வாங்கினாள். பிறகு இன்னாசிமேரி, பிறகு இன்னொருத்தி. இடுப்பு மாறி இடுப்பு மாறி, கால் தரையில் படாமல், செல்லாயி ஊர் வந்து சேர்ந்தாள். வாசற்படியில் ஆராயி வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்ப் பாயில் கிடத்தி, "தூங்கட்டும்," என்றாள். பாவாயி விளக்கு வைத்தாள். இலை போட்டாள். ஆராயி உட்கார்ந்து, போட்ட சோறு முழுவதையும் உண்டாள்.

மறுநாள் வெடியால பாவாயிக்கு இடுப்பு கழன்றுவிடும் போல நோவெடுத்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அங்கே பார்த்தால் ஊர்ப் பெண்டுகள் அத்தனை பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.